இருபது வரை

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குரைத்துவிட்டாள். மறுபடியும் ஒன்று. அவள் குரைக்காமல் இருபது எண்ணி முடியும்வரை முகம் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், கைகளை மார்பின் மேல் கட்டிக்கொள்ள வேண்டும், மூச்சைக்கூடப் பெரிதாக விடக் கூடாது என்று நாய் பழக்க வரும் சவரிமுத்து சொல்லியிருக்கிறார். மரம் மாதிரி நில்லுங்க டீச்சரம்மா, மரத்தைப் பார்த்து ஒரு நாய் எவ்வளவு நேரம் குரைச்சுடும் சொல்லுங்க. முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்தியவளை மரமாக நிற்கச் சொல்கிறார். மரம் சும்மா நிற்பதில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. பட்டைக்குள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், பகலெல்லாம், யாருக்கும் கேட்காமல். எனக்குள்ளும் ஏதோ ஏறிக்கொண்டிருக்கிறது, கணுக்காலிலிருந்து தொண்டைக்கு, அது தண்ணீர் இல்லை. ஐந்து, ஆறு. குரைத்தாள். ஒன்று. மூன்று மணிக்கு ஆரம்பித்தது, இப்போது மூன்று பத்து இருக்கலாம், கால் மணிகூட ஆகியிருக்கலாம், கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் கூடத்தில் மாட்டியிருக்கிறது, திரும்பினால் தோற்றேன். மிளகு என்று பெயர். கறுப்பு, எட்டு மாதம், நெஞ்சில் மட்டும் யாரோ ஒரு சிட்டிகை உப்பைத் தவறிக் கொட்டியதுபோல் வெள்ளை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டு என் முதுகைப் பார்த்துக் குரைக்கிறாள். இந்தச் சமையலறைக்கு நேர் கீழே இன்னொரு சமையலறையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வைத்தியலிங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று மணி முதல் நான்கு மணி வரை. கையில் நோட்டும் பேனாவும்.

இதற்கு நானேதான் சம்மதித்தேன். போன புதன்கிழமை வாசலில் நின்று சொன்னார், நான் மீட்டர் வெச்சுப் பார்க்காம எதையும் சொல்றவன் இல்லை மேடம், மின்வாரியத்துல முப்பது வருஷம் இருந்தவன், அவங்க நாய் நாள் முழுக்கக் கத்துதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, நான் நம்பலை, வெள்ளிக்கிழமை மூணுலேர்ந்து நாலு வரைக்கும் உங்களுக்குக் கீழ தமீம் வீட்ல உட்கார்ந்து நானே கேக்கறேன், கேட்டதை எழுதறேன், எழுதினதை ஞாயித்துக்கிழமை கமிட்டில வெக்கறேன், இதுல எதாச்சும் அநியாயம் இருக்கா சொல்லுங்க. இல்லை என்றேன். அவருடைய மச்சினருக்கு முசிறிப் பக்கம் வாழைத்தோப்பு இருக்கிறதாம். சங்கிலி போட்டுக் கட்டிட்டா நாள் முழுக்கக் குரைக்கட்டும் மேடம், அங்க அதுக்கு அதானே வேலை. நல்ல மனதோடுதான் சொன்னார், சொல்லும்போது குனிந்து மிளகின் காதைச் சொறிந்துகூடவிட்டார், அவளும் அந்தக் கையை நக்கினாள், தன்னைக் கட்டப்போகும் சங்கிலியின் நீளத்தை அந்தக் கை காற்றில் அளந்து காட்டியதற்கு அரை நிமிடம் கழித்து. எத்தனை அடி காட்டினார்? ஆறு இருக்குமா? ஏழு, எட்டு, இல்லை, நான் எண்ணுவதைவிட்டு எங்கோ போய்விட்டேன், அவள் குரைத்து எவ்வளவு நேரமாயிற்று, இதோ குரைத்துவிட்டாள். ஒன்று.

தமீமைக் குறை சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் காகிதங்களைக் கணினியில் சரிபார்த்துவிட்டுக் காலையில் வந்து படுக்கிற பையன், இருபத்தாறு வயது, மாலை நாலரைக்கு எழுந்தால்தான் அவனுக்குத் தூக்கம் கணக்காகும். ஆன்ட்டி, உங்க நாயை நான் ஒண்ணும் சொல்லலை, எனக்கே பூனை வளர்க்கணும்னு ஆசை, ஆனா கரெக்டா மூணு மணிக்கு மட்டும் அது ஏன் ஆன்ட்டி அப்படி ஆகுது, அதுக்கு வாட்ச் கட்டி விட்டிருக்கீங்களா? சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நானும் சிரித்தேன். காரணம் எனக்குத் தெரியும், அப்போதே சொல்லியிருக்கலாம். என் கண்ணுக்கு நேராக, மேடைக்கு மேலே உள்ள பலகையில், உளுத்தம்பருப்புக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவில் இருக்கிறது காரணம். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. மூன்று மணிக்கு நான் தேநீர் போடுவேன். கைக்குள் அடங்குகிற குட்டியாக அவள் இருந்தபோது ஒருநாள் அந்த நேரத்தில் எதற்கோ கீச்சென்று குரைத்தாள், அந்தக் குரலின் சின்னத்தனம் தாங்காமல் ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதி கொடுத்தேன். மறுநாளும் குரைத்தாள், கொடுத்தேன். பிறகு அக்கம்பக்கத்துக்குப் பயந்து கொடுத்தேன், சத்தம் வருவதற்குள் கொடுத்தேன், சத்தத்தை அடக்கக் கொடுத்தேன். ஆறு மாதம். சவரிமுத்து அதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காவல்துறையில் மோப்ப நாய்களோடு இருபத்தேழு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர், செவ்வாயும் வெள்ளியும் காலையில் மொபெட்டில் வருவார், மீசையில் எப்போதும் மூக்குப்பொடி. குரைச்சா பிஸ்கட்னு நீங்கதானே பாடம் எடுத்திருக்கீங்க, அது ஒழுங்காப் படிச்சிருக்கு, நல்ல வாத்தியாரு, நல்ல ஸ்டூடண்ட், இப்ப பரீட்சை எழுதுது, நீங்க மார்க் போட மாட்டேங்கறீங்கன்னு கத்துது. என்ன செய்வது என்று கேட்டேன். பாடத்தை மாத்துங்க. நாய் உங்க பேச்சைக் கேக்காது டீச்சரம்மா, நீங்க பேசாம இருக்கறதைத்தான் கேக்கும்.

ஒன்பது. ஒன்பது வரை வந்துவிட்டேன். பத்து. நகம் தரையில் கீறும் சத்தம், இடமிருந்து வலம், நடக்கிறாள், என் முகத்தைப் பார்க்க வழி தேடுகிறாள், மேடைக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவில் இடுக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் தேடுகிறாள். பதினொன்று. புடவைத் தலைப்பு இழுபடுகிறது. மெதுவாக, பல் படாமல், உதட்டால் மட்டும். கட்டம்போட்ட இந்தப் பருத்திப் புடவையில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கிழிசல். இழு, கிழி, எடுத்துக்கொள், குரைக்காமல் மட்டும் இரு. பன்னிரண்டு. போன மாதம் முழுதும் அவள் செய்ததை எழுதினால் ஒரு குற்றப்பத்திரிகை தேறும். செருப்புகளில் இடதுகாலை மட்டும் தின்றாள், மூன்று ஜோடி, வலதுகாலைத் தொடவே இல்லை. கற்பூரவல்லித் தொட்டியைத் தோண்டி மண்ணைக் கொண்டுபோய் என் தலையணையில் வைத்தாள். உட்கார் என்றால் உட்கார்ந்துகொண்டிருந்தவள் ஒரு காலையில் திடீரென்று அந்தச் சொல்லை இதற்குமுன் கேட்டதே இல்லை என்பதுபோல் என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே கூடத்துக் கம்பளத்தின் மேல் சிறுநீர் கழித்தாள். சவரிமுத்து அதற்கு மட்டும் சிரித்தார். வயசுக் கோளாறு டீச்சரம்மா, எட்டு மாசம்னா நம்ம கணக்குல பதினஞ்சு பதினாறு, தெரிஞ்சதெல்லாம் மறந்த மாதிரி நடிக்கும், நம்மளை ஆழம் பார்க்கும், இப்பப் போய் அடிச்சீங்க, கட்டிப் போட்டீங்கன்னா காலத்துக்கும் மறக்காது, விட்டுட்டீங்கன்னாலும் போச்சு. அடிக்கவும் கூடாது, விடவும் கூடாது. அப்படியானால் நடுவில் என்ன இருக்கிறது? நடுவில்தான் இந்தச் சுவர் இருக்கிறது. குரைத்தாள். பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு. படிக்கட்டிலிருந்து யாரோ பின்கழுத்தைப் பிடித்து இழுத்ததுபோல் இருக்கிறது.

இப்போது வேகம் கூடியிருக்கிறது. இடைவெளி இல்லை, இரண்டு எண்ணுவதற்குள் அடுத்தது, தொண்டையிலிருந்து வந்தது போய் வயிற்றிலிருந்து வருகிறது, கடைசியில் ஒரு கேவல் மாதிரி உடைகிறது. சுவரில் பதித்த டைல்ஸின் மேல் ஒரு கடுகு காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதையே பார்க்கிறேன். தேதி கிழிக்கும் காலண்டர் ஒவ்வொரு குரைப்புக்கும் லேசாக ஆடுவதாகத் தோன்றுகிறது, ஆடாது, மின்விசிறிக் காற்றுதான். சவரிமுத்து எச்சரித்திருந்தார், நிக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் உச்சத்துக்குப் போகும், வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கும், அன்னைக்கு நீங்க ஒரு பிஸ்கட் கொடுத்துட்டீங்க, இவ்வளவு கத்தினாத்தான் கிடைக்கும்னு அது எழுதி வெச்சுக்கும், அப்புறம் என்னையும் கூப்பிடாதீங்க. அந்த ஒருநாள் இன்றைக்குத்தானா வர வேண்டும்? கீழே பேனா ஓடிக்கொண்டிருக்கும். தமீம் தூக்கம் கலைந்து, கைலியோடு, செயலாளருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருப்பான். வைத்தியலிங்கம் தலையைச் சாய்த்து விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், மூன்று பதினெட்டு, மூன்று பத்தொன்பது, நிறுத்தவில்லை என்று எழுதியிருப்பார், அழகான கையெழுத்து அவருக்கு. என் கைக்கும் சிவப்பு மூடிக்கும் ஒன்றரை அடி. ஒரே ஒரு பிஸ்கட். பாதிகூடப் போதும். இந்த நொடியே நின்றுவிடும், நான்கு மணிவரை உடைத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் கீழே ஒரு சத்தமும் போகாது, கொஞ்ச நேரம் குரைத்தது பிறகு அமைதி என்று அவர் எழுதிக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் நான் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை மூன்று மணிக்கு? திங்கட்கிழமை அவள் இதைவிடப் பெரிதாகக் குரைப்பாள், அடுத்த வாரம் இன்னும் பெரிதாக, அப்போது முசிறி நிச்சயம். கொடுத்தால் ஞாயிறு பிழைக்கும், நாய் போகும். கொடுக்காவிட்டால் நாய் தேறும், தேறுவதற்குள் ஞாயிறு வந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வாழைத்தோப்பு, அந்த ஆறடி. மார்பில் கட்டிய கைகளில் ஒன்று அவிழ்ந்துவிட்டது. நான் அவிழ்க்கவில்லை. அது மூடியின் மேல் இருக்கிறது. மூடி குளிர்ச்சியாக இருக்கிறது. அவள் பார்த்துவிட்டாள். குரல் மாறிவிட்டது, குழைகிறது, கிடைக்கப்போகிறது என்று தெரிந்த குரல், நகங்கள் நடனமாடுகின்றன. எடு, வனஜா, எடுத்துக் கொடுத்துத் தொலை, உனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, இந்த வீட்டில் உன்னைத் தவிர மூச்சு விடுகிற ஒரே உயிர் அதுதான். கையைக் கீழே போட்டேன். மறுபடி கட்டிக்கொண்டேன். அவள் குரைத்த குரைப்பில் அடுக்கியிருந்த டம்ளர்கள் சிணுங்கின. இல்லை, அவை சிணுங்கவில்லை. சிணுங்கியது நான்.

முதல் புகாரைச் சங்கத்தில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. லிப்டுக்குள் ஒட்டினார்கள். வெள்ளைத் தாளில், 302ஆம் எண் வீட்டு நாயால் ஏற்படும் தொல்லை குறித்து என்று தலைப்பிட்டு. எல்லாரும் படித்து முடித்த பிறகு நான் படித்தேன், இஸ்திரி போடும் செல்வராணி துணிமூட்டையை இறக்கி வைத்துக்கொண்டே, டீச்சர், உங்களைப் பத்தி லிப்ட்ல எழுதிப் போட்டிருக்காமே என்று கேட்ட பிறகு. மிளகைப் போன மழைக்காலத்தில் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, ரெண்டே ரெண்டு நாள் வெச்சிருங்க டீச்சர் என்று என் கையில் கொடுத்ததும் அவள்தான். அன்று லிப்டில் தனியாக மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டே படித்தேன். கதவு திறந்து மூடி, யாரோ கீழே பொத்தானை அழுத்தி லிப்ட் மறுபடி இறங்கத் தொடங்கிய பிறகுதான் நான் வெளியே வரவில்லை என்பது தெரிந்தது. அந்தத் தாளில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் அது திறந்து கிடந்தது. அந்தக் கூச்சத்தை அதற்குமுன் எங்கே பார்த்தேன் என்று லிப்டின் எஃகுச் சுவரில் தெரிந்த என் முகத்தைக் கேட்டேன், அந்த முகம் உடனே சொல்லிவிட்டது, நான்தான் இரண்டு நாள் கேளாததுபோல் இருந்தேன்.

தையல்நாயகி. பெயரை மனதுக்குள் சொன்னால்கூட நாக்கு காய்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, இதே திருச்சியில், எங்கள் மகளிர் கல்லூரி விடுதிக்கு நான் துணைக் காப்பாளர், இருபத்தெட்டு வயது, கவிதை எழுதுகிறவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர் வாங்கியவள். அவள் இரண்டாம் ஆண்டு மாணவி, குடவாசல் பக்கம் ஏதோ கிராமம். படிப்பு நேரத்தில் விசில் அடிப்பாள். சாப்பாட்டு மணி அடித்தால் தட்டில் தாளம் போட்டுக்கொண்டு வருவாள். வருகைப் பதிவு எடுக்கும்போது வராத தோழிகளுக்கெல்லாம் வேறுவேறு குரலில் உள்ளேன் மேடம் சொல்வாள், ஒருநாள் பூனை மாதிரி சொன்னாள், நானே சிரித்துவிட்டேன், சிரித்ததற்காக மூத்த காப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஆடி மாதம் ஒரு ஞாயிறு, அனுமதிச் சீட்டு வாங்காமல் சுவர் ஏறிக் குதித்துப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள், பாவாடை முழங்கால்வரை நனைந்து, மணல் ஒட்டி. எங்கே போனாய்? தண்ணி வந்துருச்சுன்னு சொன்னாங்க மேடம், அதான் பார்க்கப் போனேன், எங்க ஊருக்குப் போய்ச் சேர இன்னும் பத்து நாள் ஆகும் மேடம், அதுக்கு முன்னாடி நான் பார்த்துட்டேன். அந்த வருடம் காவிரியில் தண்ணீர் தாமதம். படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான், நான் அதை நம்பினேன், அப்போதே நம்பினேன். பெற்றோருக்கு எழுதிவிடுங்கள், இன்றைக்கே தபாலில் சேர வேண்டும் என்றார் மூத்த காப்பாளர். உள்நாட்டுக் கடிதம் தீர்ந்துவிட்டிருந்தது. ஞாயிறு, அஞ்சலகம் இல்லை. மேசை இழுப்பறையில் கல்லூரி முத்திரை குத்திய அஞ்சலட்டைகள் ஒரு கட்டு இருந்தது, விடுமுறைக்கு விடுதி மூடும் தேதியைத் தெரிவிக்க வைத்திருந்தவை. ஒன்றை எடுத்தேன். முத்து முத்தாக எழுதினேன். தங்கள் மகள் ஞாயிறன்று அனுமதியின்றி வெளியே சென்று இருட்டிய பின் திரும்பினாள், உடனே நேரில் வந்து காணவும். தண்ணீரைப் பார்க்கப் போனாள் என்று எழுத அட்டையில் இடம் இருந்தது. எழுதவில்லை. அது கவிதைபோல் இருக்கும், அலுவலகக் கடிதம்போல் இருக்காது என்று நினைத்தேன்.

அவள் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டை குடவாசலில் ஒரு கை, கிளை அஞ்சலகத்தில் ஒரு கை, ஊருக்குள் வரும்போதே அதிலிருந்ததைப் பாதி ஊர் தெரிந்துகொண்டுவிட்டது, தபால்காரர் ரேஷன் கடை வாசலில் வைத்து அவருக்கே உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். இருட்டிய பின். அந்த இரண்டு சொல்லுக்குள் ஊரார் யாரையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். ஐந்தாம் நாள் அவர் வந்தார், சட்டைப்பையில் அந்த அட்டை, மடித்து மடித்துத் துணிபோல் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியை எடுத்துக்கம்மா என்றார். அவளுக்குப் படிப்பை விடுவதுகூட அன்று புரிந்ததாகத் தெரியவில்லை, அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அலுவலக அறைக்கு வந்தாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பிப் பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேடம், ஒரு கவர்ல போட்டிருக்கலாமே. நான் திரும்பவில்லை. மேடம், கவர்ல போட்டிருக்கலாமே மேடம். பதிவேடுகளை அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். எவ்வளவு நேரம் நின்றாள்? முதுகுக்குக் காது உண்டு, வாய்தான் இல்லை. அப்புறம் செருப்புச் சத்தம், தாழ்வாரம், இரும்புப் பெட்டி படிகளில் இடித்துக்கொண்டு இறங்கும் சத்தம். அடுத்த தை மாதம் யாரோ சொன்னார்கள், கல்யாணம் முடிந்துவிட்டது என்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது அறுபதை நெருங்கியிருப்பாள், இருந்தால். அன்றும் நான் இப்படித்தான் நின்றேன், முகம் ஒரு பலகையைப் பார்த்து, வாயை மூடி, பின்னால் ஒரு சின்ன உயிர் என் முகத்தைக் கேட்டுக்கொண்டு. அதே முதுகுதானே இது? சவரிமுத்து கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இதில் எனக்கு நாற்பது வருடப் பழக்கம். இல்லை. ஒரு வித்தியாசம் இருக்கிறது, இருக்க வேண்டும், இருக்கிறதா? இருபது. இருபது எண்ணினால் இன்று நான் திரும்புவேன். அன்று நான் எண்ணவே இல்லை.

சத்தம் இல்லை. எப்போதிலிருந்து இல்லை? மோட்டார் ஓடுகிறது, மூன்றரைக்குத்தான் காவலாளி மோட்டார் போடுவான், குழாய்க்குள் தண்ணீர் ஏறும் இரைச்சல் சுவருக்குள் கேட்கிறது, அதைத் தவிர ஒன்றுமில்லை. நகச் சத்தம் இல்லை. மூச்சிரைப்பு இல்லை. வாசல் கதவைத் தாழிட்டேனா? காலையில் சவரிமுத்து போனபிறகு தாழிட்டேன், குப்பை எடுக்கிறவர் வந்தபோது திறந்தேன், பிறகு? பால்கனிக் கம்பிகளின் நடுவில் அவள் தலை போகும், தலை போனால் உடம்பு போகும், மூன்றாவது மாடி. கத்திக் கத்தி நெஞ்சடைத்து விழுந்திருந்தால்? அப்படி ஆகுமா ஒரு நாய்க்கு, ஆனதாக எங்கோ படித்திருக்கிறேன், படிக்கவில்லை, இப்போதுதான் உண்டாக்கினேன். திரும்பு. திரும்பாதே. குரைப்பைவிட இது கொடுமை. ஒன்று. எண்ணு, வனஜா. இரண்டு. மூன்று. கீழேயும் பேனா நின்றிருக்கும், அவரும் விட்டத்தைப் பார்த்துக் காத்திருப்பார். நான்கு. ஐந்து. ஆறு. கணுக்காலில் ஏதோ சூடாகப் பட்டது, பட்டு விலகியது, காற்றா, மூச்சா? ஏழு. எட்டு. குனிந்து பார்த்தால்கூடத் தோல்விதான். ஒன்பது. பத்து. பதினொன்று. மோட்டார் நின்றது. இப்போது ஒன்றுமே இல்லை, என் காதுக்குள் ரத்தம் அடிப்பது மட்டும். பன்னிரண்டு, இந்த இடத்தில்தான் போன தடவை விழுந்தேன். பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து. பதினாறு. பதினேழு. அழைப்பு மணி அடித்தது.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மணி அடித்து அவள் குரைக்காமல் இருந்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். உறுமல் ஒன்று தொண்டைவரை வந்தது, கேட்டது, அங்கேயே நின்றது. நகங்கள் வாசல் பக்கம் நாலு அடி போயின. நின்றன. திரும்பி வந்தன. மணி மறுபடி அடித்தது. வெளியே குரல்கள், முதலில் செயலாளருடையது. "வீட்ல இல்லையோ? இவ்வளவு நேரம் கத்துச்சே." "இருப்பாங்க சார்," தமீம், கொட்டாவியோடு. "ரெண்டு தடவை பெல் அடிச்சும் அது கத்தலை பாருங்க. அதிசயமா இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆயிடலையே?" நான் பதினேழில் நின்றுகொண்டிருக்கிறேன். கதவைத் திறக்கப் போகலாம், மரியாதை அதுதான், வாசலில் இரண்டு பேரை நிற்கவைத்துவிட்டு ஒருத்தி சுவரைப் பார்த்து நிற்பதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது. பதினெட்டு. நிற்கட்டும். பத்தொன்பது. இருபது.

திரும்பினேன். அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லாமல், நான்கு காலும் ஒழுங்காக, என் புடவையிலிருந்து பிய்ந்த நூல் ஒன்று கடைவாயில் தொங்க, தலையைச் சாய்த்து, முதுகு இருந்த இடத்தில் வந்திருக்கும் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தில் வேகவைத்து வைத்திருந்த முட்டையில் ஒரு துண்டு கொடுத்தேன். விரலைத் தொடாமல் முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தபோது வைத்தியலிங்கம் ஒரு கையில் எழுதிய தாளும் மறு கையில் ஒட்டும் டேப்பும் வைத்திருந்தார். லிப்டில் ஒட்டப் போவதற்கு முன் மேலே ஏறி வந்து மணி அடித்திருக்கிறார்.

"மூணுலேர்ந்து மூணு முப்பத்திரண்டு வரைக்கும் மேடம். நடுவுல ஒரு நிமிஷம்கூட நிக்கலை. அப்புறம் பட்டுன்னு நின்னுடுச்சு. பத்து நிமிஷம் பார்த்தேன், மறுபடி வரலை, நாலு வரைக்கும் காத்திருக்காம ஏறி வந்துட்டேன். என்ன பண்ணீங்க? அடிச்சீங்களா?"

பத்து நிமிடம். நான் குடவாசலில் இருந்திருக்கிறேன்.

"இல்லை சார்."

"பிஸ்கட் போட்டீங்களா?"

"இல்லை. அதைப் போட்டுப் போட்டு நான்தான் கெடுத்து வெச்சேன். மூணு மணிக்குக் குரைக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்ப மாத்திச் சொல்லிக் கொடுக்கறேன்."

"எப்படி?"

"ஒண்ணும் பண்ணாம நிக்கறது."

"இதுக்கா ஆன்ட்டி பீஸ் வாங்கறார் அந்த போலீஸ்காரர்?" என்றான் தமீம். கண் இரண்டும் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தான்.

வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை. தாளைத் தூக்கிக் காட்டினார். "நின்னதையும் எழுதிருக்கேன் மேடம், நான் ஒருபக்கமா எழுதறவன் இல்லை. எல்லாருக்கும் தெரியட்டும்னு லிப்ட்ல ஒட்டிடறேன்."

"ஒரு கவர்ல போட்டிருக்கலாமே சார்."

சொன்னது என் வாய்தான். குரல் என்னுடையது இல்லை. அதற்குக் குடவாசல் பக்கத்து இழுவை இருந்தது, பத்தொன்பது வயது இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், தாளைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார்.

"கவர் இல்லையே மேடம்."

"என்கிட்ட இருக்கு."

நாற்பது வருடமாக என் மேசையில் கவர் தீர்ந்ததில்லை. ஒன்றை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் தாளை மூன்றாக மடித்தார், விளிம்பை நகத்தால் தேய்த்தார், உள்ளே வைத்து ஒட்டினார், மேலே என் பெயரை முழுதாக எழுதி என்னிடமே நீட்டினார். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி. நீங்களே எடுத்துட்டு வந்து படிங்க. பிஸ்கட் விஷயத்தையும் நீங்களே சொல்லுங்க. அவங்க என்ன சொல்லுவாங்களோ எனக்குத் தெரியாது. முசிறிக்காரன்கிட்ட இப்போதைக்கு நான் ஒண்ணும் சொல்லலை."

"நான் இன்னும் ஒரு மாசம் காதுல பஞ்சு வெச்சுக்கறேன் சார், அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க," என்றான் தமீம். படியில் இறங்கப் போனவன் திரும்பினான். "ஆனா ஆன்ட்டி, நடுவுல பாவம்னு பிஸ்கட் மட்டும் கொடுத்துடாதீங்க. நீங்க கொடுப்பீங்க. முகத்துலயே தெரியுது."

கதவைச் சாத்தித் தாழிட்டேன். தாழிட்டேனா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். கவரை மேசைமேல் வைத்தேன், பிரிக்கவில்லை, அதன் வாய் மூடியிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். பின்னால் நகங்கள் ஓடிவந்தன. பாத்திரம் அடுப்பில் உட்காரும் சத்தம் கேட்டதும், சிவப்பு மூடியைப் பார்த்து, மிளகு குரைத்தாள்.

அடுப்பை அணைத்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். ஒன்று.